யாத்திராகமத்தின் "விசித்திர வேலை": எபிரேயத்தில் ஹோஷேவ் என்பது எந்த வேலை?

பாளை எழில்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் இப்போது ஆசரிப்புக் கூடாரம் (வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வழிபாட்டுக்கு அமைத்த கூடாரம்) பற்றிய அதிகாரங்கள் போகின்றன. யாத்திராகமம் 26 முதல் 28 வரை வாசித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

உள்மூடுதிரைகளில் கேருபீன்கள் (இறக்கையுள்ள தேவதூத உருவங்கள்) "விசித்திர வேலை"யாக இருக்க வேண்டும் (26:1). மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரைச்சீலையும் அப்படியே (26:31). பிரதான ஆசாரியன் அணியும் ஏபோத்து என்ற மேலாடையும் மார்ப்பதக்கமும்கூட அப்படித்தான் (28:6, 28:15). ஆனால் கூடார வாசலில் தொங்கும் திரைக்கு வந்ததும் சொல் மாறுகிறது: "சித்திரத் தையல்வேலை" (26:36). நூல்களில் மாற்றமே இல்லை. இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு, திரித்த மெல்லிய பஞ்சுநூல், அதே நான்குதான். நூலும் நிறமும் ஒன்றாக இருக்கும்போது வேலைக்கு மட்டும் ஏன் இரண்டு பெயர்?

மூலத்திலும் இரண்டு சொற்கள் உண்டா, அல்லது தமிழில் அழகுக்காக மாற்றி எழுதினார்களா? வகுப்பில் ஒரு தம்பி, "விசித்திரம்னா புரியாத மாதிரி இருக்கிறதுதானே அக்கா, தேவனுடைய கூடாரத்துக்கு அது எதுக்கு?" என்று கேட்டான். அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் என் விருப்பம். எபிரேயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

எபிரேய வாசகன்:

நல்ல கேள்வி, அக்கா. மூலத்தில் இரண்டு இல்லை, மூன்று சொற்கள் இருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வேறுபாட்டைக் கூடாரப் பகுதியில் கவனமாகவே காப்பாற்றியிருக்கிறார்கள்.

"விசித்திர வேலை" வரும் இடங்களில் எபிரேயம் "மஅசே ஹோஷேவ்", அதாவது ஹோஷேவ் ஒருவன் செய்யும் வேலை. "சித்திரத் தையல்வேலை" வரும் இடங்களில் "மஅசே ரோகேம்". மூன்றாவது "மஅசே ஓரேக்". ஓரேக் என்றால் சாதாரண நெசவாளி. பிரதான ஆசாரியனின் நீல அங்கி ஓரேக் வேலை (39:22), ஆசாரியர்களின் உள்ளங்கிகளும் அதே (39:27).

மூன்றிலும் கவனிக்க வேண்டியது, எபிரேயம் வேலையின் தோற்றத்தைச் சொல்லவில்லை, அதைச் செய்கிற ஆளைச் சொல்கிறது. தச்சு வேலை, கொல்லு வேலை என்று நாம் சொல்வதுபோல.

ஹோஷேவ் என்பது ஹ-ஷ-வ் என்ற வேரிலிருந்து வருகிறது. அந்த வினைக்கு யோசிப்பது, திட்டமிடுவது, கணக்கிடுவது, ஒன்றை இன்னதென்று மதிப்பது என்று பல பொருள்கள். ஆதியாகமம் 15:6 எல்லாருக்கும் மனப்பாடம்: ஆபிராம் விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு "நீதியாக எண்ணினார்". அங்கே "எண்ணினார்" என்று வருவது இதே வினைதான். யோசேப்பு தன் சகோதரரிடம் நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள் என்று சொல்கிற இடத்தில் (ஆதி 50:20) வரும் "நினைத்தீர்கள்" என்பதும் அதுவே. மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும் என்ற நீதிமொழியிலும் (16:9) இதே வேர்.

நம் "எண்" என்ற சொல் இதற்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. எண்ணுவது என்றால் நினைப்பதும்தான், கணக்கிடுவதும்தான். எபிரேயத்தின் இரண்டு பொருளும் ஒரே தமிழ் வினையில் வந்துவிடுகின்றன. ஆகவே ஹோஷேவ் என்பவன் எண்ணுகிறவன், எண்ணி வடிவமைக்கிறவன்.

காயல்கரை:

அஸ்ஸலாமு அலைக்கும் / வணக்கம். இந்த வேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அரபியில் ஹ-ஸ-ப என்ற வேர் இதற்கு உடன்பிறப்பு. எபிரேயத்தில் ஷ வரும் பல இடங்களில் அரபியில் ஸ வரும். ஹஸப என்றால் கணக்கிட்டான். எங்கள் வீடுகளில் மறுமை நாளின் "ஹிஸாப்" என்று சொல்லாத பெரியவர்கள் கிடையாது, கேள்விகணக்கு என்ற பொருளில். கடைக் கணக்குக்கும் அதே சொல்தான். பள்ளிவாசலில் கேட்ட சொல் கூடாரத்துத் திரையில் வந்து நிற்பதைப் பார்க்க மனம் நிறைகிறது.

பழைய ஏடு:

தம்பி எபிரேய வாசகன் சொன்ன தரவுகள் சரியானவை. ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவில் எனக்கு ஆழ்ந்த தயக்கம் இருக்கிறது. வேதபாட வகுப்பில் இது போகப் போகிறது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சொல்லின் வேரைத் தோண்டி எடுத்து, அந்த வேரின் பொருளையெல்லாம் சொல்லின் தலையில் ஏற்றுவது பிரசங்கங்களில் அடிக்கடி நடக்கிறது. வேத ஆய்வாளர் ஜேம்ஸ் பார் 1961-ல் எழுதிய நூலில் இந்தப் பழக்கத்தைத்தான் விரிவாக எடுத்துக்காட்டிக் கண்டித்தார். கணக்குப்பிள்ளை என்று சொல்லும்போது யாரும் குழந்தையை நினைப்பதில்லை. அது ஒரு வேலையின் பெயர், அவ்வளவுதான். அதேபோல ஹோஷேவ் என்பதும் நெசவுத் தொழிலில் ஒரு வகையினரின் பெயராக உறைந்திருக்கலாம். யாத் 38:23-ல் அகோலியாப் ஹாராஷ் (செதுக்கு வேலைக்காரன்), ஹோஷேவ், ரோகேம் என்று மூன்று தொழில்களும் தெரிந்தவனாக வருகிறான். 35:35-ல் அதே மூன்றோடு ஓரேக்கும் சேர்ந்து வரிசையாக நிற்கிறது. பட்டியலைப் பார்த்தால் தொழிற்பெயர்களாகவே தெரிகிறது.

எது எங்கே வருகிறது என்று பார்ப்பதுதான் என் கணக்கில் பாதுகாப்பான வழி. மெனஹெம் ஹரான் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டிய ஒழுங்கு இது. உள்ளே போகப் போக வேலை உயர்கிறது. பிராகாரத்தின் சுற்றுத் தொங்குதிரைகள் வெறும் மெல்லிய நூல், நிறமே இல்லை. பிராகார வாசலின் 20 முழத் திரை (27:16), கூடார வாசல் திரை இரண்டும் ரோகேம். நிறம் உண்டு, கேருபீன் பற்றிய பேச்சில்லை. உள்மூடுதிரைகளும் மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரையும் ஹோஷேவ்; கேருபீன்கள் வருகின்றன. உடைகளிலும் அப்படித்தான். ஏபோத்தும் மார்ப்பதக்கமும் ஹோஷேவ், அவற்றில் பொன்னும் சேர்கிறது. இடைக்கச்சை ரோகேம் (28:39). நீல அங்கி ஓரேக்.

ஆக ஹோஷேவ் என்பது தரவரிசையில் உச்சியில் இருக்கும் வேலை. அதற்கு மேல் "யோசனை", "சிந்தனை" என்று சொல்லப் போனால் ஆதாரம் வேண்டும்.

பாவு ஊடை:

நான் வேதம் படித்தவன் இல்லை. காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிக் குடும்பம். நண்பர் ஒருவர் இந்த இழையை அனுப்பினார். வேலை எப்படி நடந்திருக்கும் என்று பேசலாம் என்று வந்தேன்.

ரோகேம் ஊசி வேலையா, தறி வேலையா? ஹோஷேவ் தறிதானா? அது தெரிந்தால் மேலே சொல்கிறேன். ஏனென்றால் துணியை நெய்து முடித்த பிறகு ஊசியால் உருவம் போடுவதும், நெய்யும்போதே உருவம் வருவதும் அடிப்படையிலேயே வேறு வேலைகள். ஊசிக்காரர் தப்பு வந்தால் பிரித்துவிட்டு மறுபடி போடலாம். தறியில் முதல் ஊடை (குறுக்கு இழை) ஓடும் முன்பே கேருபீன் எத்தனை இழை அகலம், எந்த இழையில் இறக்கை தொடங்குகிறது என்று எண்ணி வைத்திருக்க வேண்டும். நாங்கள் இன்றைக்கும் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணித்தான் டிசைன் எழுதுகிறோம். அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டை குத்துவார்கள். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் முழுப் புடவையும் போச்சு.

அதனால் "எண்ணுகிறவன்" என்று ஒரு நெசவுக்காரனுக்குப் பெயர் இருந்தது என்றால் எனக்கு அது பாடத்தில் சேர்த்த கருத்தாகப் படவில்லை. வேலையே அதுதான்.

எபிரேய வாசகன்:

பாவு ஊடை ஐயா, உங்கள் கேள்விக்குத் தல்மூதிலேயே (யூத ரபிமாரின் விவாதத் தொகுப்பு) பதில் இருக்கிறது. யோமா 72ஆ-வில் ரபி நெஹெமியாவின் பெயரால் ஒரு கருத்து: ரோகேம் ஊசி வேலை, ஆகவே ஒரு முகம், ஹோஷேவ் நெசவாளியின் வேலை, ஆகவே இரண்டு முகம். அதற்குச் சற்று முன் ரபி எலியாசார் ஒரு வரி சொல்கிறார்: எங்கே ஹோஷேவ் வேலை திட்டமிட்டார்களோ, அங்கேதான் ரோகேம் வேலை செய்தார்கள். அதாவது முதலில் வடிவம் குறித்துக்கொண்டு பிறகு ஊசி போட்டார்கள் என்று. இரண்டு சொற்களும் அங்கே வினைகளாகவே வருகின்றன, பழந்தலைமுறை ஆசிரியர்களுக்கும் ஹோஷேவ் என்ற பெயருக்குள் திட்டமிடும் வினை கேட்டிருக்கிறது.

"இரண்டு முகம்" என்றால் என்ன என்பதில்தான் பிற்கால உரைகாரர்கள் பிரிகிறார்கள். பிரான்சின் துருவா நகரத்து ராஷி (1040–1105) யாத் 26:1 உரையில், ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் கழுகு என்று இரு பக்கமும் வெவ்வேறு உருவம் என்கிறார். ரோகேம் வேலைக்கு அவர் சொல்வது, இரு பக்கமும் ஒரே உருவம் என்று. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிதீஸ் வேறு மாதிரி. அவரைப் பொறுத்தவரை ரோகேம் என்றால் உருவம் ஒரு பக்கம் மட்டும் தெரியும். ஹோஷேவ் என்றால் முன்னும் பின்னும் தெரியும்.

பழைய ஏடு ஐயாவுக்கு: நீங்கள் கேட்ட ஆதாரம் எனக்கு இரண்டு இடத்தில் கிடைக்கிறது.

முதலாவது யாத் 31:4. பெசலெயேலைத் தேவஆவியால் நிரப்பிய காரணம் சொல்லும் வசனம். எபிரேயத்தில் "லஹ்ஷோவ் மஹஷாவோத்". ஒரே வேரின் வினையும் பெயரும் அடுத்தடுத்து. யோசனைகளை யோசிக்க, எண்ணங்களை எண்ண என்று சொல்லலாம். தமிழில் "யோசித்துச் செய்கிறதற்கும்" என்று அழகாக வந்திருக்கிறது. தொழிற்பெயர் உறைந்துபோய் வேரை மறந்திருந்தால், கூடாரத்தின் தலைமைக் கைவினைஞனை அறிமுகம் செய்யும் வசனமே அந்த வேரை இப்படி எடுத்து ஒலிக்கச் செய்திருக்காது.

இரண்டாவது இடத்தில் நூலே கிடையாது. 2 நாளாகமம் 26:15. உசியா ராஜா எருசலேமின் கோபுரங்கள்மேல் அம்பும் பெரிய கற்களும் எறிய யந்திரங்கள் செய்கிறான். எபிரேயத்தில் அந்த யந்திரங்கள் "ஹிஷ்வோனோத்", அவை "மஹஷேவெத் ஹோஷேவ்", ஹோஷேவின் கற்பனையில் பிறந்தவை. மூன்று சொல், மூன்றும் அதே வேர். திரையில் கேருபீன் நெய்தவனுக்கும் மதில்மேல் கல்லெறி யந்திரம் செய்தவனுக்கும் ஒரே பெயர் என்றால், அந்தப் பெயரில் பொதுவாக இருப்பது நூலும் இல்லை, அலங்காரமும் இல்லை. இல்லாத ஒன்றை முதலில் மனத்தில் உண்டாக்கும் திறன்தான் பொதுவாக மிஞ்சுகிறது.

பழைய ஏடு:

31:4 வலுவான சான்று, மறுக்க மாட்டேன். நாளாகமம் காலத்தால் பிந்தியது, அந்த எழுத்தாளர் சொல்லை விரித்துப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் 31:4 கூடாரப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது.

என் கவலை வேறொன்று. பண்டை மொழிபெயர்ப்பாளர்களுக்கே இந்த வேறுபாடு நழுவியிருக்கிறது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் 26:1-க்கு நெசவாளியின் வேலை என்று வருகிறது; 28:15-ல் அதே ஹோஷேவ் பலவண்ண வேலைக்காரனின் வேலை ஆகிவிடுகிறது. அதுவோ ரோகேமுக்கு அவர்கள் வழக்கமாகப் போடும் சொல். ஜெரோம் லத்தீனில் 26:1-க்கும் 26:36-க்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, ஏபோத்துக்கும் மார்ப்பதக்கத்துக்கும் பல இழை வேலை என்று மாற்றுகிறார். அவர்களைவிட 1871-ன் தமிழ் மொழிபெயர்ப்பு கூடாரப் பகுதியில் சீராக இருக்கிறது என்பதைப் பெருமையாகவே சொல்லலாம்.

ஆனால் கூடாரத்துக்கு வெளியே போனால் தமிழிலும் கலக்கிறது. சங்கீதம் 139:15-ல் பூமியின் தாழ்விடங்களிலே "விசித்திர விநோதமாய்" உருவாக்கப்பட்டதாக வரும். அங்கே எபிரேயம் ஹோஷேவின் வேர் இல்லை, ரோகேமின் வேர். ஆகவே தமிழில் "விசித்திர" என்று பார்த்த இடமெல்லாம் ஹோஷேவ் என்று எடுத்துக்கொண்டால் வழி தவறும்.

எபிரேய வாசகன்:

மிக முக்கியமான எச்சரிக்கை, ஐயா. ரோகேமின் வேர் ர-க-ம். அடிப்படையில் பலவண்ணம் கலப்பது. எசேக்கியேல் 17:3-ல் பெரிய கழுகின் இறகுகளுக்கு அந்தச் சொல் வருகிறது, 1 நாளாகமம் 29:2-ல் ஆலயத்துக்குச் சேர்த்த பலவண்ணக் கற்களுக்கு வருகிறது. கழுகின் இறகில் யார் ஊசி போட்டார்கள்? அதனால் ரோகேம் என்றாலே ஊசி என்று அடித்துச் சொல்ல முடியாது, நெஹெமியாவின் கருத்து அவர் காலத்து விளக்கம். வண்ண நூல்களை வைத்துச் செய்யும் வேலை என்று பொதுவாகச் சொல்வது நல்லது. சங்கீதக்காரன் தன் உடலைப் பலவண்ண நூல் வேலையாகப் பார்த்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு அந்தச் சங்கீதத்தின் மேல் அன்பு கூடுகிறது.

பாவு ஊடை:

இரண்டு முகம் பற்றிச் சொல்கிறேன்.

பாவு இழை (நெடுக்கு இழை) அப்படியே ஓடும்; வண்ண ஊடையை ஒவ்வொரு நிறமும் தன் தன் இடத்தில் மட்டும் போய்த் திரும்புகிற மாதிரி கையால் செருகி நெய்யும் முறை ஒன்று உண்டு. அதில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே உருவம் வரும், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி. அந்த முறை மிகப் பழமையானது. எகிப்தில் நான்காம் துத்மோஸின் கல்லறையில் 1903-ல் கிடைத்த லினன் துணித்துண்டுகளில் இரண்டாம் அமென்ஹோத்தெப் மன்னனின் பெயர் இப்படித்தான் வண்ணத்தில் நெய்யப்பட்டிருக்கிறது. படத்தில் பார்த்திருக்கிறேன். அது கி.மு. 15ஆம் நூற்றாண்டு. எகிப்திலிருந்து வந்த மக்களுக்கு இந்த வேலை கண்ணில் பட்டிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. மைமோனிதீஸ் சொன்னது இதற்கு நன்றாகப் பொருந்தும்.

உருவத்துக்கு மட்டும் கூடுதல் ஊடை கொடுக்கும் முறையில் பின்பக்கம் இழைகள் தொங்கிக்கொண்டு நிற்கும், உருவம் தெளிவாக இராது. அது ஒரு முகம்.

ராஷி சொன்ன சிங்கமும் கழுகும் வர வேண்டுமென்றால் இரண்டு அடுக்குத் துணியை ஒரே நேரத்தில் நெய்து, ஒன்றோடொன்று கட்டிக்கொண்டே போக வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் அடுக்குக்கு ஒரு உருவம், இரண்டுக்கும் தனித்தனி எண்ணிக்கை, நடுவில் கலக்கக்கூடாது. 26:2 சொல்லும் அளவைப் பாருங்கள்: ஒரு மூடுதிரை 28 முழ நீளம், 4 முழ அகலம். முழத்துக்கு 45 சென்டிமீட்டர் வைத்தால் அகலம் 1.8 மீட்டர். எங்கள் புடவைத் தறியைவிட அகலம். அதில் இரண்டடுக்கு உருவம் என்றால் அதை எண்ணி வைத்தவனுக்குக் கையெடுத்துக் கும்பிடு போடலாம்.

ஏபோத்தின் பொன் எப்படிச் சேர்ந்தது என்று யாருக்காவது தெரியுமா?

எபிரேய வாசகன்:

யாத் 39:3 செய்முறையே தருகிறது, ஐயா. பொன்னை மெல்லிய தகடாக அடித்து, இழைகளாக வெட்டி, நீலம் முதலான நூல்களுக்குள் சேர்த்து ஹோஷேவ் வேலையாகச் செய்தார்கள். தமிழில் "சரிகை" என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். கம்பியாக இழுத்ததோ, நூல்மேல் சுற்றியதோ இல்லை, தட்டையாக வெட்டிய இழை.

தல்மூது இதை எண்ணிக்கையாகவே ஆக்கிவிட்டது (யோமா 71ஆ–72அ). திரைச்சீலையின் நூல் 24 இழை: நான்கு வகை, வகைக்கு 6. ஏபோத்துக்கும் மார்ப்பதக்கத்துக்கும் 28 இழை: ஒவ்வொரு வகையிலும் 6 இழையோடு ஒரு பொன்னிழை, ஆக 7, நான்கு முறை. நிறங்கள் வெவ்வேறாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்குள்ளும் பொன் ஓடுகிறது என்பது இந்தக் கணக்கின் உட்கருத்து.

பாவு ஊடை:

காஞ்சிபுரச் சரிகையில் உள்ளே பட்டு, மேலே வெள்ளி சுற்றி, அதன்மேல் பொன் முலாம். அதனால் வளையும். தட்டை இழையை 6 நூலோடு முறுக்குவது கஷ்டம், முறுக்கும்போது ஓரம் அறுக்கும். தகட்டை எவ்வளவு மெல்லியதாக அடித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹோஷேவுக்கு முன்னால் தட்டான் நல்லவனாக இருந்திருக்க வேண்டும்.

கல்வெட்டுக்காரி:

விசித்திரம் என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி ஒரு செய்தி. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் இந்த ஆலயத்தைச் செய்வித்தவன் என்று அரசனைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு, அவனை "விசித்திரசித்தன்" என்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம்.

விசித்திரமான சித்தம் உடையவன். யாருக்கும் தோன்றாத வடிவத்தை முதலில் மனத்தில் கண்டவன் என்ற பெருமைதான் அதில் இருக்கிறது. புரியாதவன் என்ற பொருள் துளியும் இல்லை. எழில் அக்கா, உங்கள் வகுப்புத் தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் காதில் விசித்திரம் என்பது பல நிறம், நுட்பம், வியப்பு எல்லாம் சேர்ந்த சொல். இன்றைக்கு அது சுருங்கிப் போனது.

பாளை எழில்:

எவ்வளவு கொடுத்துவிட்டீர்கள்! விசித்திரசித்தன் பற்றிக் கட்டாயம் சொல்வேன். ஒரு கேள்வி பாக்கி. 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேலைப் பற்றிச் சொல்லி முடித்ததும் உடனே ஓய்வுநாள் கட்டளை வருகிறது (31:12 முதல்). 35-ல் முதலில் ஓய்வுநாள், பிறகு கூடார வேலை. இந்த ஹோஷேவுக்கும் ஓய்வுநாளுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

எபிரேய வாசகன்:

அக்கா, இந்தச் சொல்லின் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பமே அங்கேதான் இருக்கிறது.

யாத் 35:33-ல் "மெலெகெத் மஹஷாவெத்" என்று ஒரு தொடர் வருகிறது. பெசலெயேலின் நுட்பமான, யோசித்துச் செய்யும் வேலைக்கு. நீங்கள் கவனித்த அதே அருகாமையை ரபிமார்களும் கவனித்தார்கள். ஓய்வுநாளில் எந்த வேலை கூடாது என்று வேதம் பட்டியல் போடவில்லை. அவர்கள் சொன்னது: எந்த வேலைகளால் கூடாரம் உருவானதோ, அவைதான் ஓய்வுநாளில் நிற்க வேண்டியவை. ரபிமாரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, ஷபாத் 7:2-ல் 39 வேலை வகைகளின் பட்டியல் இருக்கிறது. நூல் நூற்பது, பாவு ஓட்டுவது, விழுது (பாவு இழைகளைத் தூக்கும் தறிக் கயிறு) கட்டுவது, நெய்வது, தைப்பது எல்லாம் அதில் வருகின்றன.

அதோடு நிற்கவில்லை. "மெலெகெத் மஹஷாவெத்தையே வேதம் தடுத்தது" என்று தல்மூதில் ஒரு சட்டக் கோட்பாடு உருவானது (பெய்ட்சா 13ஆ, ஹகிகா 10ஆ). எண்ணமில்லாமல் தற்செயலாகக் கை பட்டு நடந்துவிட்ட வேலை, வேதம் தடுத்த வேலையாகாது. மனத்தில் வைத்துக்கொண்டு, இன்னது வர வேண்டும் என்று எண்ணிச் செய்ததே வேலை. ஒரு பொன்வேலைக்காரனின் நுட்பத்தைச் சொன்ன தொடர், ஒரு சமுதாயம் முழுக்க வாரம்தோறும் தன் செயலை அளக்கும் அளவுகோலாக மாறியது.

பழைய ஏடு ஐயா கேட்கக்கூடும், இது பிற்கால வாசிப்புதானே என்று. ஆம். ஆனால் வேரில் யோசனை கேட்காமல் இந்த வாசிப்பு பிறந்திருக்கவே முடியாது.

பழைய ஏடு:

இதை நான் எதிர்க்கவில்லை. இது அந்தச் சொல் பிற்காலத்தில் எப்படி வாசிக்கப்பட்டது என்பதன் வரலாறு, அதற்கு உரிய மதிப்பு உண்டு. வகுப்பில் சொல்லும்போது "யாத்திராகமம் சொல்கிறது", "ரபிமார் இப்படிப் புரிந்துகொண்டார்கள்" என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் போதும்.

இன்னொரு இடமும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆமோஸ் 6:5. தந்தக் கட்டில்களில் படுத்துக்கொண்டு, தாவீதைப்போல் கீதவாத்தியங்களை உண்டுபண்ணுகிறவர்களைத் தீர்க்கதரிசி கண்டிக்கிறான். அங்கே "உண்டுபண்ணி" என்பதற்கும் இதே வினைதான். யோசேப்பின் ஆபத்துக்குக் கவலைப்படாதவர்களின் கையில் அதே திறன். சொல் தன்னளவில் புகழ்ச்சி இல்லை என்று காட்ட இந்த வசனம் உதவும். தீமை நினைத்த சகோதரரிடமும் அதே வினை இருந்ததை நீங்களே மேலே சொன்னீர்கள்.

பாவு ஊடை:

விழுது பற்றிச் சொன்னீர்களே, மிஷ்னாவில் தறி விவரம் வேறு ஏதாவது இருக்கிறதா?

எபிரேய வாசகன்:

இருக்கிறது, ஐயா. ஷெகாலிம் 8:5. இரண்டாம் ஆலயத்தின் திரைச்சீலை ஒரு கைப்பிடி கனம், 72 விழுதுகளில் நெய்தது, ஒவ்வொரு விழுதுக்கும் 24 இழை. நீளம் 40 முழம், அகலம் 20. வருடத்துக்கு இரண்டு செய்வார்கள், அதை நீரில் முக்க 300 ஆசாரியர் தேவைப்பட்டார்கள் என்று. இது மிகைப்படுத்திச் சொன்னது என்று தல்மூதே ஒப்புக்கொள்கிறது (ஹுல்லின் 90ஆ). ஜொசிஃபஸ் தன் யூதப் போர் வரலாற்றில் ஆலய வாசலில் தொங்கிய பாபிலோனியத் திரையை வர்ணிக்கிறார். அதில் வானமண்டலத்தின் தோற்றமே நெய்யப்பட்டிருந்தது என்கிறார்.

பாவு ஊடை:

300 பேர் மிகை என்பது சரி. ஆனால் 72 விழுது என்ற எண்ணைச் சொன்னவர் தறியருகே நின்று பார்த்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. சாதா நெசவுக்கு இரண்டு விழுது போதும். உருவம் வேண்டுமென்றால்தான் விழுது ஏறிக்கொண்டே போகும். மிகைப்படுத்த நினைத்தவருக்கு விழுதை எண்ண வேண்டும் என்றே தோன்றியிருக்காது.

பாளை எழில்:

அடுத்த வகுப்புக்கு நான் எழுதி வைத்திருப்பது இது, பார்த்துச் சொல்லுங்கள்: "ஹோஷேவ்: வடிவத்தை முன்னமே எண்ணி நெய்கிறவன். கேருபீன்கள் இருக்கும் இடத்திலும் பொன் கலக்கும் இடத்திலும் அவன் வேலையே கேட்கப்படுகிறது. ரோகேம்: வண்ண நூல்களால் அலங்கரிக்கிறவன். ஓரேக்: நெய்கிறவன்." ஓய்வுநாள் பகுதியை ரபிமார் வாசிப்பு என்று தனியாக எழுதிவிட்டேன், பழைய ஏடு ஐயா சொன்னபடி.

28:8-ல் ஏபோத்தின்மேல் இருக்கும் "விசித்திரமான கச்சை" வருகிறதே, அதையும் இதே பட்டியலில் சேர்க்கலாமா? அங்கே எபிரேயம் "ஹேஷெவ்" என்று படித்தேன்.

எபிரேய வாசகன்:

அதைத் தனியே வையுங்கள், அக்கா. எழுத்து ஒன்றுதான், ஹேத், ஷின், பேத். அதனால் தமிழும் மற்றப் பல மொழிபெயர்ப்புகளும் இதே வேர் என்று கொண்டு "விசித்திரமான" என்று சேர்த்தன. ஆனால் அகராதிக்காரர்களில் சிலர் வேறு வழி சொல்கிறார்கள்: ஹ-வ-ஷ் என்று ஒரு வினை உண்டு, கட்டுவது, சேணம் பூட்டுவது என்று பொருள். அதில் கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி ஹேஷெவ் ஆனது, ஆகவே அது வெறுமனே "கட்டும் பட்டை" என்று. கச்சையின் வேலை ஏபோத்தை உடம்போடு கட்டுவதுதான் என்பதால் இந்த விளக்கமும் நன்றாகப் பொருந்துகிறது. வசனத்தின் பின்பாதி கச்சையும் ஏபோத்தின் வேலைக்கு ஒப்பாக, அதனோடு ஒன்றாகவே, அதே பொன்னும் நூல்களும் கொண்டு இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே வேர் எதுவானாலும் கச்சையை நெய்தவன் ஹோஷேவ்தான். "விசித்திரமான" என்ற அடைமொழியை மட்டும் அந்த இடத்தில் அழுத்திப் பேச வேண்டாம்.